இன்னும் ஐந்து நிமிடம்

ஒரே கேபிளில் நாற்பது கணினிகள். இரண்டு ஒரே நேரத்தில் வாய் திறந்தால் இரண்டின் சேதியும் பாழ். இரண்டும் மறுபடி அனுப்பியாக வேண்டும். இந்தத் தள்ளுமுள்ளு எதுவரை தாங்கும், எங்கே குலையும் என்று எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கணித மாதிரி உருவாக்கியவள் அவள். அறிக்கையின் அட்டையில் ஏறிய பெயரோ அத்தானுடையது. அக்காவின் கணவர், ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பிரிவுத் தலைவர். "வீட்டுக்குள்ள என்ன உன்னுது என்னுது?" என்று சிரித்தே சுருட்டிவிட்டார். அதோடு விட்டாரா? எங்கே குலையும் என்று சொல்லும் கடைசி அத்தியாயத்தையும் படிக்காமலே வெட்டி எறிந்தார். "ஒரே பயமுறுத்தலா இருக்கும், யாரு படிப்பா?"

இன்று இயக்குநர் முன்னிலையில் செயல்விளக்கம். ஒப்பேறினால் அத்தான் துணை இயக்குநர். அவள் ஆயுசுக்கும் அவருடைய எடுபிடி. போய்ச் சேரும் சேதிகளின் அளவைக் காட்டும் கோடு திரையில் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் போனது. கணினி முன் உட்கார்ந்திருந்த அத்தான், போதும் நிறுத்தலாம் என்று கை தூக்கினார்.

"சார், இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடட்டுமே," என்றாள் அவள் பின்வரிசையிலிருந்து, தேன் ஒழுக. இயக்குநரும் தலையாட்டினார்.

பதிமூன்றாவது நிமிடம் கோடு சரிந்தது. மோதியவை மறுபடி அனுப்ப, அனுப்பியவை மறுபடி மோத, ஒரு சேதிகூட உருப்படியாகப் போய்ச் சேரவில்லை. அத்தான் பத்துக் கணினிகளை அணைக்கச் சொன்னார். கோடு எழவில்லை.

"கேபிள் கோளாறு சார்," என்றார். 

"கேபிள் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "ஒரு தடவை விழுந்துட்டா, சுமையைக் கொறைச்சாலும் தானா எந்திரிக்காது. ஏன்னு எழுதியிருந்துச்சே."

இயக்குநர் அறிக்கையைப் புரட்டினார். "எந்தப் பக்கம்?"

"அவரையே கேளுங்க சார். அவர் எழுதினதுதானே?"

அத்தான் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். அவளுக்கு இரக்கம் மருந்துக்கும் வரவில்லை. எட்டு மாத உழைப்பைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் அப்போதுதான் அடங்கத் தொடங்கியிருந்தது.

"நான்... எழுதல," என்று முனகினார்.

"சரியாக் கேக்கல சார்," என்றாள்.

"இவதான் எழுதினா! முழுக்க இவதான்!"

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "சரி பண்ண முடியுமா?"

"முடியும் சார். ஒவ்வொரு மோதலுக்கும், மறுபடி அனுப்புறதுக்கு முன்னாடி காத்திருக்கிற நேரத்தை ரெண்டு மடங்காக்கணும். நாலு வரி வேலை."

நேரே போய் அத்தானின் நாற்காலியருகே நின்றாள். அந்த அறையில் வேறு ஒருவருக்கும் அதுவரை இருவரின் உறவு தெரியாது.

"எந்திரிங்க அத்தான்," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.