எழுபத்தைந்தைத் தொடாத கோழி

என் மனைவிக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்த பிறகு எங்கள் வீட்டில் வேகாத பொருளே கிடையாது. காய் வெந்தது, பழம் வெந்தது. விட்டால் என் பேச்சையும் ஒரு கொதி விட்ட பிறகுதான் காதில் வாங்கிக்கொள்வாள். புது உறுப்பை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க அவள் சாப்பிடும் மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியை மொத்தமாகப் படுக்க வைத்திருந்தன. அரைவேக்காட்டுக் கறி ஒரு துண்டு போதும், மறுபடி ஆஸ்பத்திரிதான். அதனால் கறியே இல்லை.

அப்படிக் கிடந்தவளுக்கு அன்று காலை டாக்டர் கோழி சாப்பிட அனுமதி கொடுத்தார். சதையின் நடுவில் எழுபத்தைந்து டிகிரி தொட்டிருக்க வேண்டும், ஒரு டிகிரி குறைந்தாலும் வேண்டாம் என்றார். டாக்டர் அறையை விட்டு அவள் வெளியே வந்த நடை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட என்னை நோக்கி அப்படி நடந்து வந்ததில்லை.

"முழுக்கோழி. ஓவன்ல. தொடை எனக்கு," என்றாள்.

எழுபத்தைந்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வீட்டில் தயாராக இருந்தது. என் மச்சினன் உபயம். உலகத்தில் மலிவாக விற்கும் சாமான் அத்தனையையும் வாங்கி, அது உடைவதற்குள் நமக்குச் சிபாரிசு செய்துவிடுவதுதான் அவன் பிறவிப் பயன். அவன் பேச்சைக் கேட்டு வயர் இல்லாத கறித் தெர்மாமீட்டர் ஒன்றை வரவழைத்திருந்தேன். பெட்டிக்குள் இரண்டு ஊசிகள். கறியில் குத்திவிட்டால் உள்ளே இருக்கும் சூடு நம் போனில் வந்து நிற்குமாம். பெட்டியின் மேல் படத்தில் இருந்த ஆள் ஊசியைக் குத்திவிட்டுத் தோட்டத்தில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நானும் தூங்கியிருக்கலாம். புத்திசாலித்தனம் விடவில்லை. இரண்டு ஊசிகளையும் ஒரே தொடையில் பக்கத்துப் பக்கத்தில் குத்தினேன். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்று கணக்கு.

ஓவன் கதவைச் சாத்தியதும் போன் ஊசிகளை மறந்துவிட்டது. போனைக் கதவோடு ஒட்டி நான் மண்டியிட்டால் ஞாபகம் வந்தது, எழுந்தால் போயிற்று. சரி என்று மண்டியிட்டேன். என் முழங்கால்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் துப்பாக்கிச் சூடு என்று நினைத்து ஜன்னலைச் சாத்தியிருப்பார்.

கோழி பொன்னிறமானபோது முதல் ஊசி எழுபத்தெட்டு என்றது. இரண்டாவது அறுபத்திரண்டு என்றது. ஒரே கோழி, ஒரே தொடை, நடுவில் சுண்டு விரல் அகல இடைவெளி.

என் மனைவி தட்டோடு வந்து நின்று, இதில் யோக்கியன் யார் என்று கேட்டாள். நான் மச்சினனுக்குப் போன் போட்டேன். ஐந்து நட்சத்திரம் வாங்கிய சாமான் அது, தப்பு என் கையில்தான் இருக்கும் என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு வழி சொன்னான்.

"சராசரி எடுத்துக்கோங்க மாமா."

"உங்க அக்காவுக்கு என்ன, சராசரியா ஒரு கிட்னியாடா வெச்சிருக்கு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

சரி, எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்தால் கூட்டிக் கழித்துக்கொள்ளலாமே. ஊசிகளைப் பிடுங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, ஆறவிட்டு, இரண்டையும் ஒரு அக்குளில் வைத்துக்கொண்டேன். மறு அக்குளில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு, நனைந்த பென்குயின் மாதிரி அடுப்படியில் நின்றேன். என் உடம்பில் சூடு முப்பத்தாறரை. முதல் ஊசி எனக்கு நாற்பதரை கொடுத்தது. அந்தக் கணக்குக்கு நான் பிதற்றிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது முப்பதரை என்றது. அதன்படி என்னை எடுத்துப்போக ஆள் வர வேண்டும்.

முதலாவதில் நாலைக் கழித்தால் கோழி எழுபத்துநான்கு. இரண்டாவதில் ஆறைக் கூட்டினால் அறுபத்தெட்டு. பொய்யைத் திருத்திய பிறகும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

கோழியை மறுபடி ஓவனுக்குள் தள்ளினேன். ஊசிகளையும் குத்தப் போனேன். அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்குள்ல வெச்சதையா என் கோழியில குத்தப் போறீங்க?"

நியாயம்தான். அவளுக்கு இருக்கும் உடம்புக்கு என் அக்குளே பெரிய ஆபத்து. ஊசிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். முதல் ஊசி நூற்றுமுப்பது டிகிரி என்று அறிவித்தது. இரண்டாவதன் தலைக்குள் ஆவி படிந்து, போனில் எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் வந்து நின்றன. அப்புறம் அது பேசவேயில்லை.

இன்னும் அரை மணி நேரம் வேகவிட்டு வெளியே எடுத்தேன். நெஞ்சுக் கறி மரக்கட்டையாகியிருந்தது. தொடையை வெட்டினேன். மேலே வெந்த நிறம். எலும்பை ஒட்டி ஒரு இடத்தில் மட்டும் லேசான சிவப்பு. வெந்த கோழியிலும் எலும்போரம் அப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேகாத கோழியிலும் அப்படித்தான் இருக்கும்.

அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் முகர்ந்தாள்.

"வெந்திருக்கா? நீங்க சொன்னா சாப்பிடறேன்."

ஊரில் நடக்காததை எல்லாம் நடந்ததாகச் சத்தியம் செய்கிறவன் நான். ஒரு 'ம்' சொல்ல வரவில்லை. 'இல்லை' என்றும் சொல்ல வரவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தாள். பிறகு தொடையை எடுத்து என் தட்டில் வைத்தாள். குளிர்பெட்டியிலிருந்து அவித்த காரட்டை எடுத்துச் சூடு பண்ணிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வீணாக்க வேண்டாம், நான் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

சாப்பிட்டேன். அவள் காரட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாவே இல்ல. சக்கை."

"அப்புறம் ஏன் எலும்பைச் சப்பறீங்க?" என்றாள்.