அணில் வைத்தியம்

ஜெயம்மாவின் கழுத்துக் கட்டிக்கு இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, பிடிக்க வேண்டும், ஒருநாளும் தவறக்கூடாது என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. வரக்காப்பொலையிலிருந்து பஸ்ஸில் போய்வந்து, தண்ணீர் தூக்கி, விறகு பொறுக்கி, சோறும் ஆக்கினாள். பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"முடியலங்க. இனிமே போகல."

ரப்பர் பால் வெட்டும் அவள் கணவன் கந்தையா அவளுக்குப் பாயை விரித்துப் போட்டான்.

அந்த ஞாயிறு, தோட்டப் பள்ளிக்கூட அதிபர் நாகலிங்கம் சுகாதாரச் சொற்பொழிவாற்றினார். இருபது பேருக்கும் மைக் வைத்துப் பேசுகிறவர். குளிர்நாட்டு அணில் ஒன்று மாதக்கணக்கில் உறங்குமாம். அந்த உறக்கத்தில் கதிர்வீச்சுப் பட்டால், விழித்திருக்கும் அணிலைவிடப் பாதிப்புக் குறைவாம். இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்தார். கூட்டத்தில் பாதிப்பேர் அங்கேயே கதிர்வீச்சுக்குத் தயாராகிவிட்டார்கள்.

விழித்திருந்த கந்தையா வீட்டுக்கு வந்து அறிவித்தான்: "நீ பஸ்ஸுல போ, வா, தூங்கு. அவ்வளவுதான்."

"தண்ணி?"

"அணிலு தண்ணி தூக்குமா?"

தண்ணீரைக் கந்தையா சுமந்தான், விறகைப் பக்கத்து வீட்டுப் புஷ்பம் ஏற்றுக்கொண்டாள். லயத்து வரிசை வீடுகளில் ரேடியோக்கள் வாயை மூடின. கந்தையா முதல்முறையாகச் சோறு வடித்தான், கஞ்சியாக வந்தது. புண்பட்ட தொண்டையில் அதுதான் இறங்கியது. "குளிரும் வேணும்ல ஐயா, ஈரச்சாக்கு போத்தவா?" என்று அவன் கேட்டதற்கு, "மேலதிக ஆய்வு தேவை" என்றார் அதிபர்.

கடைசி நாள் கந்தையாவும் கூடப் போனான். நோனா என்று எல்லோரும் அழைக்கும் டாக்டரம்மாவிடம் அணில் கதையைச் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னான். நோனா சிரித்துவிட்டார். அந்த அணிலுக்கு உடம்பே ஐஸாகி, இதயம் நிமிடத்துக்குச் சில தடவைதான் துடிக்கும். நம்முடைய தூக்கம் கரண்டைத் தடுக்காது என்றார். ஆனால் ஓய்வு இருந்ததால்தான் இவள் நாள் தவறாமல் வந்தாள், கட்டியும் நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் கந்தையாவின் முகம் தொங்கியது.

"அப்ப நான் தண்ணி சுமந்ததெல்லாம்?"

"அதிபர் பேசின மறுநாளே எனக்குத் தெரியுங்க. நோனாகிட்ட கேட்டுட்டேன்."

"சொல்லலையே நீ?"

"சொல்லியிருந்தா அணிலு எந்திரிச்சுத் தண்ணிக்குப் போயிருக்கும்."

வரக்காப்பொலையில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினான்.

"அதிபருக்கா? அவரு சொன்னது நமக்கு இல்லையாமே."

"இருக்கட்டும். அவரு பேசலேன்னா நீ பத்து நாளோட நின்னுருப்ப."

அதிபர் பழத்தை அறிவியலின் சார்பில் ஏற்றுக்கொண்டு ஏற்புரை தொடங்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே ஜெயம்மா நாற்காலியில் உறங்கிப்போனாள். கந்தையா அவளை எழுப்பவில்லை. அதிபரையும் நிறுத்தவில்லை. குடத்தை எடுக்க எழுந்து போனான்.