ஒரு கேலனுக்கு முப்பது மைல்

பெட்ரோல் முள் செத்து மூன்று வருடமாகிவிட்ட ஒரு பழைய ஃபியட் டாக்ஸியை நானும் ஹமீதும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். பகல் எனக்கு, இரவு அவனுக்கு. வண்டி சேட்டுடையது; முதுகுவலி மட்டும் எங்களுக்குச் சொந்தம். முள்ளைச் சரி செய்து தரச்சொல்லி சேட்டிடம் கேட்டால், "கண் இருக்கிறதல்லவா, பார்த்து ஓட்டு" என்பார். டாங்கிக்குள் எப்படிப் பார்ப்பது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தன் ஓட்டத்துக்குப் போட்ட பெட்ரோலைத் தீர்த்துவிட்டு, சயான் பம்பில் அடுத்தவனுக்காக ஒரு கேலன் ஊற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். ஒரு கேலனுக்கு முப்பது மைல். முப்பதில் வண்டி இருமும், முப்பத்தொன்றில் படுத்துவிடும். இந்தக் கணக்கில் என்னை மிஞ்ச தாராவியில் ஆள் இல்லை என்று எனக்கு நினைப்பு. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அடக்கமாகக் கேட்டுக்கொள்வேன்.

அந்த வருடம் லிட்டர் வந்தது. அணா போய் நயா பைசா வந்து, சேர் போய் கிலோ வந்து, அதெல்லாம் பழகுவதற்குள் பம்பிலிருந்து கேலனையும் எடுத்துவிட்டார்கள். நாலு லிட்டர் ஒரு கேலன் என்று ஸ்டாண்டில் பேசி முடிவானது. எனக்காக ஹமீது நாலு லிட்டர் ஊற்றினான், அவனுக்காக நானும் நாலு லிட்டர் ஊற்றினேன். இப்படியே ஒரு மாதம் போயிற்று.

அப்போதுதான் மாகுலில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் டாங்கர் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். எட்டு மணி நேர வேலை, காக்கி உடுப்பு, வாரத்தில் ஒரு நாள் லீவு. வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. பதினோரு வருடமாக தினம் பன்னிரண்டு மணி நேரம் டாக்ஸியில் உட்கார்ந்து, குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றாகிவிட்ட உடம்பு எனக்கு. இது கைவிட்டுப் போனால் இந்த சீட்டிலேயே தேய்ந்து முடிய வேண்டியதுதான். மனு போட்டேன்; வந்த கடிதத்தில் காலை பதினோரு மணிக்குப் பேட்டிக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

ஹமீதிடம் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப எனக்குக் கூட்டாளி யாரு அண்ணாச்சி?" என்றான். பிறகு அவனே சிரித்து, "போயிட்டு வாங்க. ஒங்க முதுகாவது பொழைக்கட்டும்" என்றான்.

அன்று காலை ஆறு மணிக்குச் சாவி வாங்கினேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கோட்டைக்கு ஒரு சவாரி, போக எட்டு மைல், திரும்ப எட்டு. மாஹிமுக்கு ஒன்று போய்வந்ததில் மொத்தம் இருபத்திரண்டு ஆகிவிட்டது. மற்ற நாளில் இதற்குள் பெட்ரோல் போட்டிருப்பேன். அன்று பம்பில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. கைவசம் எட்டு மைல் இருக்கிறது, மாகுல் ஏழு மைல், வரும்போது மாகுலிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். என் மனைவி பேராச்சி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை கசங்கக் கூடாதென்று சீட்டில் சாயாமலே ஓட்டினேன்.

செம்பூர் நாக்கா சந்திப்பைத் தாண்டியதும் வண்டி இருமியது. மைலைப் பார்த்தேன், இருபத்தாறு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. "சும்மா வெளையாடாதெ" என்று வண்டியிடமே சொன்னேன். அது இன்னும் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

இறங்கி ஓரமாகத் தள்ளினேன். டாங்கர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் காற்றே பெட்ரோல் வாசனைதான், என் டாங்கியில்தான் சொட்டு இல்லை. கை காட்டிப் பார்த்தேன். எந்த லாரியும் நிற்கவில்லை. வந்த ஒரு பஸ்ஸும் நிறைந்து வழிந்துகொண்டு போயிற்று. வண்டியை ஒரு பீடாக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மே மாத வெயிலில் மீதி மூன்று மைலையும் பாதி ஓட்டமாகவும் பாதி நடையாகவும் கடந்தேன்.

கேட்டுக்குப் போகும்போது பதினொன்றரை. "தீன் பார் புகாரா, பாய்" என்றான் வாட்ச்மேன். மூன்று தடவை என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் பட்டியலில் கோடு போட்டுவிட்டு, பேட்டி எடுத்த துரை எழுந்து போய்விட்டாராம். கெஞ்சினேன். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தான், அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

திரும்பி நடக்கும்போது ஒரே யோசனை. நாலு மைல் எங்கே போயிற்று? நான் போய்விட்டால் கூட்டாளி இல்லாமல் திண்டாடுவது ஹமீதுதான். முகம் வாடினானே, பார்த்தேனே. டின்னில் பெட்ரோல் வாங்கி ஊற்றி, சவாரி எதுவும் ஏற்றாமல் சாயங்காலம் வரை வண்டியிலேயே கிடந்தேன். கோபம் ஏறிக்கொண்டேயிருந்தது.

ஆறு மணிக்கு சயான் பம்பில் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "வேல கெடைச்சிட்டா அண்ணாச்சி?"

"எப்பிடிலெ கெடைக்கும்? கொறைச்சு ஊத்தி என் வயித்துல அடிச்சிட்டியேலெ. நான் போயிரக் கூடாதுன்னுதானெ இப்பிடிப் பண்ணுனெ?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். திருடன் என்றும் சொன்னேன். அதற்கு மேலும் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

"அல்லா மேல ஆணை, நாலு லிட்டர் ஊத்துனேன்" என்றான் ஹமீது.

நான் பம்ப்காரர் பூலோகத்திடம் திரும்பினேன். "நாலு லிட்டர் போடும்வே. இன்னைக்கு முப்பது மைலு ஓடுதான்னு பாத்திருவோம்."

"நாலு லிட்டருக்கு முப்பது எப்பிடி ஓடும்?" என்றார் பூலோகம். "கேலன்னா நாலரை லிட்டருக்கும் மேலல்லா."

"இத ஏன்வே ஒரு மாசமா சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் நாலு லிட்டர்னு கேட்டீய, நாலு லிட்டர் ஊத்துனேன்."

அப்புறம்தான் உறைத்தது. நானும் ஒரு மாதமாக அவனுக்கு நாலு லிட்டர்தானே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

"பெட்ரோல் தீந்து நீ எங்கயாவது நின்னியா?" என்று கேட்டேன்.

"மூணு தடவ" என்றான், தரையைப் பார்த்தபடி. "ஒரு தடவ கல்யாண வீட்டுச் சவாரி. அவியளும் எறங்கித் தள்ளுனாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்க வீட்டுல என்னமோ கஷ்டம் போல, அதான் அண்ணாச்சி அரை லிட்டர் கொறைக்காவன்னு நெனச்சேன். கேட்டா ஒங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்லா."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை போனதைவிட அதிகமாக வெட்கம்தான் வலித்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் பார்த்தேன், வாய் வரவில்லை. பூலோகம் நாலரை லிட்டருக்கு மேலேயே ஊற்றி மூடியைப் போட்டார். ஹமீது சாவியை வாங்கிக்கொண்டு, வியர்வையிலும் கிரீஸிலும் கறுத்துப்போயிருந்த என் சட்டையைப் பார்த்தான்.

"நடந்தா போவப்போறீய? ஏறுங்க, வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்று முன் கதவைத் திறந்தான்.

நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அங்கே இருந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.