வேணாம் என்றொரு நாய்

பூமியில் என் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. பால்புட்டியைத் தள்ளிவிடுகிற குழந்தையிலிருந்து பெண் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மாப்பிள்ளை வரை, நாளுக்கு ஒரு தடவையாவது எல்லோரும் அதைக் கூப்பிட்டே தீருகிறார்கள். அதன் பெயர் வேணாம்.

பெயர் வைத்தது நானில்லை. குட்டியாக அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்த அன்று என் மனைவி வாசலை மறித்து நின்றாள். "வேணாம். சொல்றேன்ல, வேணாம்." ராத்திரி வரை சொன்னாள். மறுநாளும் சொன்னாள். சோபாவில் ஏறினால் வேணாம், செருப்பைக் கவ்வினால் வேணாம். இத்தனை ஆசையாக ஒருத்தி தன்னைக் கூப்பிடுகிறாளே என்று குட்டி அவள் காலையே சுற்றிச் சுற்றி வளர்ந்தது. நான் யோசித்து யோசித்து வைத்த பெயருக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை.

அதனால் சாயங்கால நடை என்பது எனக்கு ஊர்வலம். மளிகைக் கடையில் யாராவது "பை வேணாம்" என்றால் இது கடைக்குள் போய் அவர்கள் முகத்தை அண்ணாந்து பார்க்கும். மாடியில் ஒரு தாய் "ஊட்டி விட்டா வேணாங்குறியே" என்று பிள்ளையோடு மல்லுக்கு நின்றால் படியேறப் பார்க்கும். அதை இழுத்து இழுத்தே என் வலது கை இடது கையைவிட ஒரு சாண் நீண்டுவிட்டது.

"அளந்து பார்த்தீங்களா?" என்பார் கூட நடக்கிற தணிக்கை.

தணிக்கை எங்கள் அடுத்த வீடு. வேலையில் இருந்த காலமெல்லாம் தணிக்கை அதிகாரியாக அடுத்தவர் கணக்கில் ஓட்டை பார்த்தவர்; அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சில் பார்க்கிறார். நான் பஸ் டிரைவராக இருந்தவன். எதிரே வருகிறவன் எல்லாம் குடித்திருக்கிறான் என்று நினைத்து ஓட்டினால்தான் வண்டி வீடு சேரும். ஆக, இரண்டு பேருக்கும் பிழைப்பே சந்தேகம்தான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து என் காது போயிற்று. அவருக்கு வயதில் போயிற்று. அவரிடம் காதுமெஷின் இருந்தது. என்னோடு நடக்கும்போது மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"உங்க கதைக்கு இந்தக் காதே தாராளம்."

நீலக் கேட் வீட்டு வாசலில் நாய் உட்கார ஆரம்பித்தது மழை விட்ட சமயத்தில். இழுத்தால் வராது. பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்துக் காதைத் தூக்கி, வாலால் தரையைப் பெருக்கும். ஜன்னலோ மூடியிருந்தது. தினமும் அதே வீடு, வெயில் இன்னும் சுவரில் இருக்கிற அதே வேளை.

எனக்கு உடனே புரிந்துபோயிற்று. என் நாயை யாரோ மயக்குகிறார்கள். இப்போது ஜன்னல் வழியாகக் கறித்துண்டு. அப்புறம் ஒரு நாள் கேட் திறக்கும், நாய் உள்ளே போகும், கயிறு மட்டும் என் கையில் மிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் அதன் வாயைத் திறந்து மோந்து பார்த்தேன். கறி வாசனை இல்லை. அதுதான் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. வாசனை வராத கறி போடுகிறவர்கள் லேசுப்பட்டவர்களாக இருக்க முடியாதே?

அது தையல் டீச்சர் வீடு. ஒரு காலத்தில் என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதற்காக, ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் கைகாட்டி நிறுத்தி, ஊசிநூலோடு ஏறியவர். அந்த ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் தொங்குகிற ஓரத்தையெல்லாம் கண்டிப்பார். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கை. வெளிநாட்டில் இருக்கும் மகள், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருந்தாள். நான் விசாரிக்கப் போனபோதெல்லாம் அவள் கதவை ஒரு கை அகலம் திறந்து, "அம்மா தூங்குறாங்க" என்றாள்.

தூக்கமா? அந்த அம்மாவா? பொழுது சாய்வதற்குள்ளேயா?

"அந்தப் பொண்ணுதான் நாய்க்குத் தூண்டில் போடுது" என்றேன் தணிக்கையிடம். "உள்ளேர்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுது. எனக்குக் கேக்கலை, நாய்க்குக் கேக்குது."

"உள்ள பூனை இருக்கும்."

"பூனைக்கு வாலாட்டுற நாயை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"உங்க நாய் ஆட்டும். வளர்ப்பு அப்படி."

மூன்று நாலு தெரு தாண்டியும் விடாமல் நச்சரித்தேன். மறுநாள், என் வாயை அடைப்பதற்காகவே, அவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். மெஷினை எடுத்து ஊதி, காதில் வைத்து, சத்தத்தைத் திருகித் திருகிக் கூட்டினார். நாய் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. நான் ஜெயித்த முகத்தோடு காத்திருந்தேன்.

தணிக்கையின் புருவம் இறங்கியது.

"யாரும் நாயைக் கூப்பிடலை" என்றார்.

"பின்னே?"

"வேணாம்னு சொல்றாங்க."

"யோவ், அதான்யா நாய் பேரு!"

"நாய் பேரைச் சொல்லலைங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "வேணாம்னு சொல்றாங்க. வேணாம், வேணாம்னு. டீச்சர் குரல்."

இத்தனை நாளாக இந்த நாய் இங்கே வாலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நானோ அதன் வாயை மோந்துகொண்டிருந்தேன்.

கயிற்றை விட்டேன். கேட்டுக்கு அடியில் புகுந்து அது முன்னால் ஓட, நாங்கள் திறந்துகொண்டு பின்னால் ஓடினோம். மணி அடித்தோம். கதவு வழக்கம்போல ஒரு கை அகலம் திறந்தது. நாய்க்கு அது போதும்.

படுக்கையறையில் டீச்சர் பாதி சரிந்து கிடந்தார். எலும்புக்கூட்டுக்குப் போர்வை போர்த்தியது போல. உதடுகளை இறுக்கி மூடியிருந்தார். முகவாயில் ஈரம், தலையணையில் பாதி கரைந்த ஒரு வெள்ளை மாத்திரை. நாய் முன்னங்கால்களைக் கட்டிலில் தூக்கி வைத்தது.

"ஐயோ, மேல ஏறாத! வேணாம், வேணாம்!" என்று கத்தினாள் அந்தப் பெண். நாய் பூரித்துப்போய் அவள் மேல் பாய்ந்தது. டீச்சர் குழறலாக "வேணாம்" என்றார். அது கட்டிலுக்குத் திரும்பியது. அந்தப் பெண் கையை ஓங்க, "அடிக்கல்லாம் வேணாம்மா!" என்று நான் பதறினேன். என்னிடம் வந்தது. கொஞ்ச நேரம் அந்த அறையில் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நாய்க்கு மட்டும் வாழ்க்கையிலேயே அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை.

தணிக்கை அந்தக் களேபரத்தில் கலந்துகொள்ளவில்லை. மேஜையிலிருந்த புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"தூக்க மாத்திரை. ராத்திரி படுக்கும்போது ஒண்ணுன்னு போட்டிருக்கு. இப்ப ராத்திரியாம்மா?"

"கொஞ்சம் முன்னாடி குடுத்தா என்ன சார்? வயசானவங்க. நானும் மனுஷிதானே, எனக்கும் வெளியில வேலை இருக்காதா?"

டீச்சர் என் சட்டையைப் பிடித்தார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "சாயங்காலத்தையே நான் பார்க்கலைப்பா. மத்தியானம் முடிஞ்சா அடுத்த நாள் காலை ஆயிடுது."

மகளுக்குப் போன் போட்டு, என் காதுக்காக ஸ்பீக்கரில் வைத்தோம். நான்தான் பேசினேன்; அதுதான் தப்பு. நாய் பெயரில் தொடங்கி ஜன்னல் வரை வருவதற்குள் மகள் குறுக்கிட்டாள்.

"அங்கிள், ஆத்துக்குள்ள பஸ்ஸை ஓட்டி அக்கரை ஏத்தினேன்னு சொன்னது நீங்கதானே?"

ஏற்றினேன்தான். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

"அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிச்சு" என்றாள் மகள். "வாயில மாத்திரையைத் திணிக்கிறாங்கன்னு அம்மாவே எங்கிட்ட உளறினாங்க. இப்ப நீங்க நாய் சொல்லிச்சுங்குறீங்க. நான் இங்கேர்ந்து எதை நம்பறது?"

"அதானேக்கா! அம்மாவே தூக்கம் வரலைன்னு கேட்டுத்தான் குடுத்தேன்" என்றாள் அந்தப் பெண், கையைக் கட்டிக்கொண்டு. "இந்தத் தாத்தா கதை விடுறதுதான் தெருவுக்கே தெரியுமே."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாக்கு மடங்கிவிட்டது. என் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அன்றைக்கு நான் சொல்லும் உண்மையைப் போல மதிப்பில்லாத பொருள் உலகத்தில் எதுவும் இல்லை.

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அங்க வேற யாராவது இருக்காங்களா?"

தணிக்கை போனை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார், இத்தனை வருஷத்தில் என் பேச்சு ஒன்றைக்கூட ஒத்துக்கொள்ளாத பார்வை. அப்புறம் கட்டிலைப் பார்த்தார். மூடியிருந்த ஜன்னலின் கொக்கியை மெதுவாகத் தள்ளித் திறந்தார். மஞ்சள் வெயில் உள்ளே வந்து போர்வையின் மேல் விழுந்தது. டீச்சர், மூடப் பார்க்கிற இமைகளை வம்படியாகத் தூக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவருக்கு அடுத்த வீட்டுக்காரன்மா. சந்தேகப்படறதுதான் என் தொழில்" என்றார் தணிக்கை. "முதல்ல நாய் கேட்டுச்சு. அப்புறம் நான் கேட்டேன், என் காதால. இவர் சொன்னது அப்படியே நடந்ததும்மா."