நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி

...அப்படியென்றால் கூடிப் பேசித்தான் எழுதியிருக்கிறார்கள், வேறென்ன, மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேருமே நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி என்று எழுதினால் அதை நான் நம்பிவிட வேண்டுமாம், யார் காதில் பூ சுற்றுகிறார்கள், காதை வைத்தே பிழைக்கிறவன் காதிலா. பதினெட்டு வருடமாக இந்த ராக் பாண்டின் ரசிகர் குழுவை நடத்துகிறேன், கொல்லன் பட்டறை என்று பெயர் வைத்ததே நான்தான், பாண்டு அப்படி வாசித்தது அந்தக் காலத்தில், இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி, பாடுகிறவன் தொண்டையைத் திறந்தால் வயிற்றுக்குள் அதிரும். இப்போது வந்திருக்கிற புதிய ஆல்பத்தில் அவன் முணுமுணுக்கிறான். அட்டையில் வெறும் பனிமூட்டம். ஒன்பது நிமிடப் பாட்டு, நடுவில் இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை, சுத்தமாக ஒன்றுமில்லை, சார்ஜ் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். அதைப் போய் ஆகா ஓகோ என்று பாதிப் பட்டறை கொண்டாடுகிறது, அவர்களுக்கு முன்னால் நிற்பது யார், என் சொந்த மச்சினன், என் மனைவியின் தம்பி, பதினாறு வயதில் நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஸ்பீக்கருக்கு எதிரே நிறுத்திய பையன். "மாமா, அது சும்மா இல்ல, பின்னாடி சன்னமா ஒரு சத்தம் போயிக்கிட்டே இருக்கு, அதுதான் பாட்டே" என்கிறான். சன்னமாக. எனக்குக் கேட்காத சத்தம் இவனுக்குக் கேட்கிறதாம்.

அதனால்தான் நேற்று சாயங்காலம் பட்டறையில் எழுதிப் போட்டேன், எந்த நிமிடம் எந்த வினாடியில் அந்தச் சத்தம் ஆரம்பிக்கிறது, எழுத முடியாதவன் பொய்யன், நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குழுவிலிருந்து வெளியே, சொந்தக்காரனாக இருந்தாலும் சரி. எழுதிவிட்டார்கள். மச்சினன்தான் முதலில், அவன் எழுதியதைப் பார்த்து மற்ற இரண்டு பேரும்... ஆனால் தனித்தனியாக எனக்கு மட்டும்தானே அனுப்பச் சொன்னேன்... அதனால் என்ன, போன் இருக்கிறது, பேசிக்கொண்டிருப்பார்கள். மச்சினனுக்குப் பாண்டு ஆட்களோடு ஏதோ தொடர்பு இருக்கிறது, போன மாதம் இலவச டிக்கெட் கிடைத்தது என்றான், சும்மா யார் கொடுப்பார்கள். என் மனைவி காலையில் பையை எடுத்துக் கையில் கொடுக்கும்போதே கேட்டாள், "ஒரு பாட்டுக்காக எந்தம்பிய வெளிய தள்ளப்போறீங்களா?" பாட்டுக்காக இல்லை, பொய்க்காக. அவளுக்கு அது புரியவில்லை, இல்லை புரிந்தும்தான் கேட்டாளா, அவளுக்கும் அவன் ஏதாவது சொல்லி வைத்திருப்பான்.

போதாக்குறைக்கு இந்த மெஷின் வேறு. ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறை என்னுடையது, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்னக் கூண்டு, உள்ளே நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார், வெளியே நான் ஒவ்வொரு சத்தமாகப் போடுவேன், கேட்டால் அவர் பொத்தானை அமுக்க வேண்டும், என் பக்கம் சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான் வேலை. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் நானே ஹெட்போனை மாட்டி எல்லாச் சத்தத்தையும் கேட்டுப் பார்த்துப் பதிவேட்டில் 'சரி' என்று போட வேண்டும். பத்து நாளாகப் போடவில்லை. தடித்த சத்தமெல்லாம் வருகிறது, மேலே போகப் போக, ஆறாயிரம் எட்டாயிரம் என்று குறித்திருக்கிற, கீச்சென்ற உச்சச் சத்தங்கள் இரண்டு பக்கமும் வரவே இல்லை. பெயின்ட் அடிக்க அறையைக் காலி செய்தார்களே, அப்போது கீழே போட்டிருப்பார்கள், கேட்டால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். 'கருவிக் கோளாறு' என்று பத்து நாளும் எழுதி வைத்துவிட்டேன், மெஷின்காரர் இன்றைக்குத்தான் வருகிறேன் என்றார்.

அதற்குள் இந்த பஸ் டிரைவர். நாற்பத்தேழு வயது, வேலையில் தொடர வேண்டுமானால் காது சரி என்று நான் எழுதித் தர வேண்டும், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்து கூண்டுக்குள் உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் அமுக்கினார். சரி. ஆறாயிரத்துக்கும் அமுக்கினார். எப்படி? காலையில் வராத சத்தம் இவருக்கு மட்டும் எப்படி வரும், இருபது வருடம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த மனிதருக்கு? இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும், சத்தம் வருகிற தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே அமுக்குவார்கள். நீளமாக இடைவெளி விட்டுப் பார்த்தேன், அமுக்கவில்லை, சத்தம் போட்டதும் அமுக்கினார். அப்படியானால் கண்ணாடி வழியாக என் கையைப் பார்க்கிறார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன், அப்போதும் அமுக்கினார், பலே ஆள்தான். கதவைத் திறந்து, "கேக்காமயே அமுக்குறீங்களா?" என்றேன். "கேட்டுச்சு சார். கொசு மாதிரி. எதுக்கு சார் நான் பொய் சொல்லப்போறேன்?" என்றார். எதற்கா, வேலைக்குத்தான். 'பதில்கள் நம்பத்தக்கவையல்ல' என்று தாளில் எழுதி, மெஷின் சரியானதும் மறுபடி பார்க்கலாம், வெளியே உட்காருங்கள் என்றேன். போகும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை... விடு, எல்லோரும்தான் அப்படிப் பார்க்கிறார்கள்.

பதினோரு மணிக்குப் போன் அதிர்ந்தது, சுத்தியல். அவனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பழைய பாட்டைத் தவிர எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான், புது ஆல்பம் வந்த அன்று பாண்டின் பனியனைத் தரை துடைக்கிற துணியாக்கிப் படம் போட்டவன், என் கட்சி. 'தலைவா, கோச்சுக்காத. எனக்கும் கேக்குது. நாலு பன்னண்டு. எரிச்சலா இருக்கு, ஆனா கேக்குது' என்று எழுதியிருந்தான். இரண்டு தடவை படித்தேன். இவனையும் பிடித்துவிட்டார்களா, இவனுக்கு என்ன கொடுத்திருப்பார்கள்... மச்சினனைக் கண்டாலே ஆகாதே இவனுக்கு. கையெல்லாம் வேர்த்தது எனக்கு, ஏன் என்று நான் யோசிக்கவில்லை, யோசிக்கக் கூடாது என்று ஃபேனை வேகமாக வைத்தேன்.

மெஷின்காரர் வந்தார், ஹெட்போனை அவருடைய மீட்டரில் கவிழ்த்து வைத்தார், ஆறாயிரம் போட்டார், முள் சரியான இடத்தில் போய் நின்றது. எட்டாயிரம், அதுவும். "மெஷின் தங்கம் சார். எனக்கே நல்லாக் கேக்குதே" என்றார். உங்கள் வேலை முடிய வேண்டும் என்று சொல்கிறீர்கள், நான் உள்ளே உட்காருகிறேன், நீங்கள் போடுங்கள், என்றேன். கூண்டுக்குள் போய்ப் பல நாள் ஆகிறது, தினசரி சோதனையை வெளியில் நின்றபடியே முடித்துவிடுவேன். கதவை மூடினால் அந்த அமைதி காதை அடைக்கிறது. பொத்தான் கையில் வழுக்கியது. தடித்த சத்தங்கள் வந்தன, அமுக்கினேன், அடுத்தது, அமுக்கினேன், மெஷின்காரர் கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் போடுகிறார், விவரம் தெரியாதவர், இப்படிப் போட்டால் யாரும் ஏமாற்றலாமே... அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் கை மட்டும் கண்ணாடிக்கு அப்பால் அசைந்தது. என் விரல் அமுக்கியது. மறுபடி அசைந்தது, அமுக்கியது. நான் அமுக்கச் சொல்லவில்லை, விரல் தானாக, நேரம் பார்த்து, ஒன்று, இரண்டு, அமுக்கு. வெளியே அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், "பாத்தீங்களா சார், எல்லாத்துக்கும் அமுக்கிட்டீங்க" என்று சிரித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் போட்டுக் கொடுத்தேன். 'சரி' என்று.

பதினெட்டு வருடம் ஸ்பீக்கருக்கு எதிரே. வருகிற சின்னப் பையன்களிடம் எல்லாம் சத்தத்தைக் குறைத்துக் கேள், நரம்பு போனால் போனதுதான் என்று தினமும் சொல்கிற வாய் இது. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, எது அதிகம் என்று தெரியவில்லை. இருந்தாலும், மீட்டரே தவறாக இருந்தால்? அவர் மீட்டரை யார் சோதித்தது? பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். மச்சினனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது, 'தூக்கறதுன்னா தூக்குங்க மாமா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாம்ல?' பதில் எழுதவில்லை. கதவைத் திறந்து டிரைவரைக் கூப்பிட்டேன். கூண்டுக்குள் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி ஹெட்போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என்னுடையதை அவர் தலையில் மாட்டினேன், போனில் அந்தப் பாட்டை நாலாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன், கதவை மூடாமல் பக்கத்திலேயே நின்றேன். எண்கள் ஓடின, நாலு பத்து, நாலு பதினொன்று. அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏதாவது கேக்குதா?" என்றேன்.

அவர் என் முகத்தையும், மேசைமேல் கிடந்த தாளில் நான் எழுதியிருந்ததையும், மறுபடி என் முகத்தையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "கேக்குதுன்னு சொன்னா நம்புவீங்களா, கேக்கலன்னு சொன்னா நம்புவீங்களா சார்?"

இது டெஸ்ட் இல்லை, சும்மா சொல்லுங்கள், எனக்குத் தெரிய வேண்டும், என்றேன். அவர் என்னை நம்பவில்லை. பாட்டில் நாலு நிமிடம் முப்பது வினாடி ஆகிவிட்டது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவர் தலை லேசாக, எதையோ பின்தொடர்கிற மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.