பூட்டுனேனா, செல்வி?

என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் வாசலில் தொங்குவதும் அவர் செய்த பூட்டுதான். பூட்டினால் ஒழிய அதிலிருந்து சாவியை உருவ முடியாது. சாவி கையில் இருந்தால் வீடு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஊருக்கே இதை விளக்கும் மனுஷன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதுவும் ஏழெட்டுத் தடவை.

"பூட்டுனேனா, செல்வி?" என்பார். பூட்டியாச்சு என்பேன். பன்னிரண்டு வருஷமாக எனக்கு இதுதான் ஜெபமாலை.

எண்பத்தைந்தாம் வருஷம் திருச்சியில் அவருடைய அண்ணன் இறந்தபோது, போகிற வழியில் வடமதுரையில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். வீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கு அவரை வெறுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டு வருஷம் கழித்து, மடத்தில் சேர்ந்த மகள் ஜோஸ்பினுக்குத் திருச்சியில், கன்னியாஸ்திரியாக உறுதிமொழி எடுக்கும் வார்த்தைப்பாடு. அப்பாவால் வர முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்துவிட்டு அவராகவே என்னையும் கூட்டிக்கொண்டு மனநல டாக்டர் மாலதியிடம் போனார்.

அந்த டாக்டரம்மா பத்து நாள் வாய் பேசாமல் பௌத்தத் தியானம் பழகியவராம். வீட்டைப் பூட்டிவிட்டு மாதா கோயில் படியில் உட்கார்ந்து, மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பயம் வரும், ஏறும், இறங்கும், அதன் பேச்சைக் கேட்டு எழுந்திருக்காதீர்கள் என்றார். பங்குச்சாமியார் கேட்டால் என்ன சொல்ல என்றேன். மூச்சு எல்லா மதத்துக்கும் பொது என்று சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். பூட்டுனேனா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் இனிமேல் நீங்கள் பதிலே சொல்லக்கூடாது என்று என் வாய்க்கும் பூட்டுப் போட்டார்.

ஆறு வாரம். அவர் உட்கார்ந்து பழகினார். வாயை மூடிக்கொண்டிருக்க நான்தான் தவித்தேன்.

வார்த்தைப்பாட்டு நாள் விடிகாலை பஸ் ஏறினோம். வடமதுரை வந்தது.

"பூட்டுனேனா, செல்வி?"

தொண்டை வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடினார். சட்டை வேர்வையில் நனைந்தது. பஸ் கிளம்பியது, அவர் எழுந்திருக்கவில்லை. அய்யலூர் தாண்டித்தான் கண்ணைத் திறந்தார்.

"பூட்டாமக்கூட வந்திருப்பேன். இருந்துட்டுப் போகுது. மொதல்ல புள்ளையப் பாப்போம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடினேன். இருந்தது. அப்படியும் மணப்பாறை போவதற்குள் இன்னும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.