இரண்டு விசில்

1

விரல்கள் நோகின்றன. விடிய ஐந்து மணியிலிருந்து தனியாக இருந்து வலையில் நண்டு கழற்றிய விரல்கள். எழுதுவதும் இவற்றால்தான். பத்தொன்பது வருடமாக நண்டு கழற்றுவது என் மனைவி மேரிறோஸ் செய்த வேலை. அவளின் இடது மார்பைப் புற்றுநோய்க்காக வெட்டி எடுத்தபோது கமக்கட்டு நெறிகளையும், அக்குளின் நிணநீர்க் கணுக்களை, எடுத்துவிட்டார்கள். "அந்தக் கையில ஒரு கீறலும் படக்கூடாது, கிருமி ஏறி வீங்கிப்போடும்" என்று தாதி சொன்னார். பட்டது. கதை அங்கிருந்து வந்தது.

2

முதல் தொடக்கம்: "அனலைதீவுக் கரையில் அன்று காற்று—" வேண்டாம். காற்றுக்கு இதில் பங்கில்லை.

இரண்டாவது: "நான் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை." இதை வெட்டாமல் விடுகிறேன், நீங்கள் பார்க்கவேண்டும். பொய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

விசிலடித்தேன். கரை கிட்டும்போது எப்போதும் அடிப்பேன். ஒன்றென்றால் வலை வெறுமை, அவள் அடுப்பைப் பார்க்கலாம். இரண்டென்றால் நண்டு நிறைய, வரவேண்டும். அன்று இரண்டு. (நான் அடித்தேனா, பழக்கத்தில் வாய் அடித்ததா? இந்த அடைப்புக்குறியை என்னாலேயே நம்ப முடியவில்லை.)

தலைத்துணியை இறுக்கிக்கொண்டு வந்து மணலில் குந்தினாள்.

"நீ ஏன் வந்தனி?"

"கூப்பிட்டனீங்கள், வந்தனான். மூண்டு மருந்து ஏத்தி மயிர்தான் கொட்டினது, காது கொட்டேல்லை."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே வலையின் மறுபக்கத்தை அவளிடம் நீட்டினேன். இந்த வரியை எழுத நான்கு நாள் பிடித்தது.

கடைசி நண்டு அவளின் இடது பெருவிரலைக் கவ்வியது.

3

மூன்றாம் நாள் கை முழங்கைவரை வீங்கிக் காய்ச்சலும் வந்தது. ஊர்காவற்றுறைக்குப் படகில் கொண்டுபோனோம். அவளின் தமக்கை ஞானசவுந்தரி முழுப் படகுக்கும் கேட்கக் கத்தினாள்:

"உனக்கு நண்டு பெரிசோ, அவளின்ர கை பெரிசோ?"

நான் அதற்கு—

(இல்லை. குனிந்து படகுத் தண்ணீரை இறைத்தேன்.)

அங்கிருந்து பஸ்ஸில், மருந்து ஏற்றும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் கேட்டார்: "எப்பிடியம்மா காயம் வந்தது?"

மேரிறோஸ் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "விறகு பொறுக்கப் போனனான், ஐயா. முள்ளுக் குத்திப்போட்டுது. இவர் வேண்டாமெண்டவர், நான் கேக்கேல்லை."

டொக்டர் அவளைத்தான் ஏசினார். நான்காவது மருந்தைத் தள்ளிவைத்தார். நான் கதிரையில் அவர் எழுதித் தந்த மருந்துத்துண்டைப் பிடித்தபடி இருந்தேன்.

(மேலே நான் வெட்டாமல் விட்ட வசனம் என்னுடையதல்ல. இவளிடம் களவெடுத்தது.)

4

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "ஏன் பொய் சொன்னனி?"

"உங்களை ஏசினால் உங்களுக்கு ரோசம் வரும். பிறகு ஆர் என்னோட வாறது?"

இது அன்பா, என்னைப் பற்றிய கணக்கா? எழுதினால் விளங்கும் என்று நினைத்தேன். எழுதியும் விளங்கவில்லை.

முடிவு ஒன்று: வீக்கம் வற்றி மருந்து ஏறுகிறது. முடிவு இரண்டு: வீக்கம் வற்றாமல் போவது; அதை நான் எழுதமாட்டேன்.

வருகிற வியாழன் மறுபடி அந்த டொக்டரிடம் போகிறோம். விசில் கூப்பிட்டதா, பழக்கமா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். எப்படி முடிவுசெய்தாலும் நான் மேரிறோசுக்கு ஒன்று தரவேண்டும்: டொக்டருக்கு முன்னால், அவள் கேட்க, "நான்தான் கூப்பிட்டனான்" என்ற ஒரு வசனம்.

இன்னும் கொடுக்கவில்லை.